பழைய விமானத்தின் காலுக்கு எந்த ஒயில்?

பழைய விமானம் ஒன்றின் லாண்டிங் கியருக்கு இன்றைக்குக் கிடைக்கிற ஹைட்ரோலிக் ஒயில்களில் எதை ஊற்றலாம் என்று யாராவது கேட்டால், நான் ஒயிலில் இருந்து பேச்சைத் தொடங்குவதில்லை. "உள்ளே கிடக்கிற சீல் என்ன றப்பர்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். சீல் என்பது ஒயில் கசியாமல் தடுக்கும் றப்பர் வளையம். அதற்குப் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதில் இல்லையென்றால், சந்தையில் உள்ள விலை கூடிய, புத்தம் புதிய தரத்து டின்கூட அந்த விமானத்துக்குக் கேடாக முடியலாம்.

இந்த முறை கேட்டது அக்காவின் மகன். இங்கிலாந்தில் இருக்கிறான். சனி, ஞாயிறுகளில் ஒரு பழைய ஹார்வர்ட் பயிற்சி விமானத்தைத் திருத்தி எடுக்கும் ஆட்களோடு போய் நிற்பான். நான் இலங்கையில், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெரிய ஜெட்களில் வேலை பழகி, பிறகு ரத்மலானைக்கு வந்து சிறிய விமானங்களோடு தங்கிவிட்டவன். அதனால் விமானத்தில் நட்டு ஒன்று கழன்றாலும் அவனுக்கு என் ஞாபகம்தான் வரும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். லேபிள் கிழிந்த ஒரு டின், பக்கத்தில் கண்ணாடிக் கிளாசில் சிவப்பாக ஒயில்.

"மாமா, சிவப்பாத்தானே இருக்கு. இதையே ஊத்தலாமோ?"

"நிறத்தைப் பாத்து ஊத்தாதையடா தம்பி. கழட்டின சீல்களை எறிஞ்சிட்டீங்களோ, வச்சிருக்கிறீங்களோ?"

வைத்திருந்தார்கள். அது நல்ல காலம்.

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விமான ஹைட்ரோலிக் ஒயில்களுக்கு நிறம் கொடுத்திருப்பது அடையாளத்துக்குத்தான். நீலம் என்றால் ஆமணக்கெண்ணெயும் அல்கஹோலும் கலந்த தாவர ஒயில். சிவப்பு என்றால் மினரல் ஒயில். ஊதா என்றால் ஸ்கைட்ரோல், பொஸ்பேட் எஸ்டர் வகை. படிக்கும்போது இது சுலபம். ஆனால் பல வருடம் குழாய்க்குள் கிடந்த நீலம் மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறிவிடும். சிவப்பு வெளிறித் தேன் நிறத்துக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், கார்களின் தானியங்கி கியர்பெட்டிக்கு ஊற்றுகிற ஒயிலும் அதே சிவப்புத்தான். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். கிளாசில் ஊற்றி விமான ஒயிலுக்குப் பக்கத்தில் வைத்தால், கண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் 40 பாகை சூட்டில் கியர்பெட்டி ஒயிலின் தடிப்பு விமான ஒயிலின் இரண்டு மடங்குக்கும் மேல். சில்லுக்கு மேலே நிற்கும் தூணான ஸ்ட்ரட்டுக்குள் ஒரு சிறு துளை வழியாக ஒயில் நெருக்கிப் போவதால்தான் தரையில் இறங்கும் அடி உள்வாங்கப்படுகிறது. அந்தத் துளையைத் துளைத்தவர் மெல்லிய ஒயிலுக்குக் கணக்குப் பார்த்துத் துளைத்திருக்கிறார். தடித்த ஒயில் ஊற்றினால் கால் இறுகிப்போகும், அடி நேரே விமானத்தின் உடம்புக்குப் போகும்.

இனி றப்பர். நாங்கள் றப்பர் விளைகிற நாட்டுக்காரர். 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நட்ட கன்றுகளில் தொடங்கிய கதை இது. 1942இல் மலாயா ஜப்பான் கையில் விழுந்த பிறகு, நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கொடுத்த முக்கிய இடம் இலங்கைதான். ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய அந்த ஏப்ரல் 5 அன்று ரத்மலானையில் இருந்து எழும்பிப் போய்ச் சண்டையிட்ட ஹரிக்கேன் போர் விமானங்களின் கால்களும் ஹைட்ரோலிக்கால் மடங்கியவைதான். இயற்கை றப்பருக்கு இழுபடும் குணம், தேயாத குணம் எல்லாம் உண்டு. ஆனால் பெற்றோலிய எண்ணெய் பட்டால் அது ஊதி, பிசுபிசுத்து, பலமிழந்துவிடும். அந்தக் காலத்தில் ஆமணக்கெண்ணெயைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான். ஆமணக்கெண்ணெய் இயற்கை றப்பரைத் தின்னாது. அல்கஹோல் அதை மெலிதாக்கி ஓட வைத்தது. ஒயில் றப்பருக்காகத் தெரிவு செய்யப்பட்டது, மறுபக்கமாக அல்ல. இந்த வரிசையை மனதில் வைத்திருந்தால் பிறகு குழப்பம் குறைவு.

1930களில் ஜேர்மனியில் நைட்ரில் றப்பர் வந்தது. அது மினரல் ஒயிலைத் தாங்கும். நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க்கில் பிறந்த அமெரிக்கர் 1939இல் ஓ-ரிங் என்ற வட்டச் சீல் வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்த பிறகு விமானங்கள் ஆமணக்கை விட்டுச் சிவப்பு ஒயிலுக்கு மாறின. அதனால் போர்க்கால விமானம் என்றால் இந்தக் கரையிலும் இருக்கலாம், அந்தக் கரையிலும் இருக்கலாம். ஒரே ரக விமானத்தில்கூட முதலில் கட்டியதும் பிறகு கட்டியதும் வேறுபடலாம். இடையில் யாரோ மாற்றியும் இருக்கலாம். கைநூல் என்ன சொல்கிறது என்பது ஒரு சாட்சி. கழற்றி எடுத்த சீல் அதைவிடப் பெரிய சாட்சி.

எல்லாப் பழைய விமானத்துக்கும் கால் மடக்க ஒயில் வேண்டும் என்றும் நினைக்கக் கூடாது. ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் டகோட்டா, டவ் என்ற இரண்டு பழைய விமானங்களையும் பார்க்கலாம். எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி ரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதல் சேவையைத் தொடங்கியது டகோட்டாவில்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் பறந்த கதையெல்லாம் அந்த விமானத்தோடு ஒட்டியது. டகோட்டாவின் கால் ஹைட்ரோலிக்கால் மடங்கும். டவ்வின் கால் அமுக்கிய காற்றால் மடங்கும். இரண்டுக்கும் இடையில் பத்து வருடம்தான். வேலை பழக வரும் பெடியன்களை அங்கே கூட்டிக்கொண்டு போனால் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

மருமகனிடம் சீல்களை வரிசையாக வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். கைநூலில் மினரல் ஒயில் என்று தெளிவாக இருந்தது. சீல்களும் கறுப்பு ஓ-ரிங்குகள், பெரும்பாலானவை இறுகி, ஒரு பக்கம் தட்டையாகி, வயதுக்கேற்ற நிலையில். ஆனால் கால் மடக்கும் சிலிண்டரில் இருந்து வந்த ஒரு வளையம் மட்டும் மற்றவற்றைவிடத் தடித்து, மெத்தென்று, தன் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி நின்றது. நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது என்று எழுதியிருந்தான். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆக, எப்போதோ ஒருவர் அளவு பார்த்து வாங்கிப் போட்ட வேறு றப்பர். கார் பிரேக்குகளில் வருகிற, மினரல் ஒயிலைத் தாங்காத ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பராக இருக்கும் என்று நினைத்தேன்.

நினைப்பது போதாது என்று இங்கே ஒரு ஜாம் போத்தலில் செய்து பார்த்தேன். விமானத்துக்குரிய பொதியில் வந்த நைட்ரில் ஓ-ரிங் ஒன்று, கார் பிரேக் கிட்டில் இருந்து அதே அளவான ஓ-ரிங் ஒன்று. இரண்டையும் சிவப்பு ஒயிலில் மூழ்கவிட்டு மூடி, ஹாங்கரின் தகரக் கூரைக்குக் கீழே, சூடு கிடைக்கும் தட்டில் வைத்தேன். சில நாள் கழித்து எடுத்தபோது நைட்ரில் கொஞ்சம் ஊதி, துள்ளும் தன்மையோடு இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தச் சிறு ஊதலை நம்பித்தான் பள்ளத்தின் அளவே வைக்கப்பட்டிருக்கிறது. மற்றது விட்டம் பெருத்து, நைட்ரில் வளையத்துக்கு மேலே வைத்தால் அதைச் சுற்றி வெளியே நின்றது. விரலால் இழுத்ததும் அறுந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அவனுடைய சிலிண்டர் வளையமும் அதே கோலம்தான்.

இதை மறுபக்கமும் பார்க்க வேண்டும். நைட்ரில் போட்ட சிஸ்டத்துக்குள் கார் பிரேக் ஒயில் ஊற்றினால், அது கிளைகோல் வகை, இப்போது நைட்ரில் கெடும். ஸ்கைட்ரோல் ஊற்றினாலும் கெடும். ஸ்கைட்ரோலுக்கு ஈபிடிஎம், பியூட்டைல் போன்ற றப்பர்தான் பொருந்தும். எந்த ஒயிலும் தனியே நல்லதோ கெட்டதோ இல்லை.

ஸ்கைட்ரோலைப் பற்றி ஒரு விஷயம். "ஜெட்களே அதைத்தான் பாவிக்கின்றன, லேசில் தீப்பிடிக்காது, அப்போ பழைய விமானத்துக்கும் அது பாதுகாப்புத்தானே" என்று சிலர் நம்புகிறார்கள். 1940களின் பின்பகுதியில் டக்ளஸ் நிறுவனமும் மொன்சாண்டோவும் சேர்ந்து அதை உருவாக்கியதே தீ விபத்தைக் குறைக்கத்தான், அது உண்மை. ஆனால் அது பெயின்டைக் கொப்புளமாக்கிக் கழற்றும், தோலில் பட்டால் எரிக்கும், கண்ணில் பட்டவருக்கு அந்த நாளே மறக்காது. கட்டுநாயக்காவில் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதற்குக் கிட்டப் போக விடமாட்டார்கள். இன்னொன்று, வெளியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது: சிஸ்டம் முழுக்க ஊதா ஒயில் ஓடுகிற போயிங் விமானத்தில்கூட, சில்லுக்கு மேலே நிற்கும் ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது ஊதா இல்லை, சிவப்பு மினரல் ஒயில். ஸ்ட்ரட் தனிப் பாத்திரம், அதன் சீல் தனிச் சீல். காலை மடக்கும் ஒயிலும் காலுக்குள் நிற்கும் ஒயிலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டாமல், இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் படித்தேன்.

சீல் நைட்ரில் என்று உறுதியானதும் தெரிவு இரண்டாகக் குறைந்தது. ஒன்று 5606, வேலைத்தலத்தில் நாங்கள் அமெரிக்க இராணுவத் தரத்தின் எண்ணைச் சொல்லியே கூப்பிடும் பழைய மினரல் ஒயில். ஏரோஷெல் ஃப்ளூயிட் 41 இந்தத் தரத்தில் வருகிறது. ரத்மலானையில் நிற்கிற செஸ்னாக்களின் மூக்குக்காலுக்குள்ளும் இந்த வகைதான். இரண்டாவது 83282, செயற்கை ஹைட்ரோகாபன். ஏரோஷெல் ஃப்ளூயிட் 31 அந்தத் தரம். இரண்டும் சிவப்பு, இரண்டும் நைட்ரிலுக்கு ஒத்துப்போகும், ஒன்றோடொன்று கலந்தாலும் திரளாது, பிரியாது.

வித்தியாசம் தீயில் இருக்கிறது. 5606இன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலைக்குத் தரம் கேட்கும் கீழ் எல்லை 82 பாகை. 83282க்கு அது 205 பாகை. ஓடுபாதையில் பலமாகப் பிரேக் பிடித்துவிட்டு வந்து நிற்கிற விமானத்தில், பிரேக் டிஸ்கின் சூடு 82ஐச் சுலபமாகத் தாண்டும். மேலே ஒரு குழாய் கசிந்து அதில் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குளிரில் 5606 முந்தும். அது பூச்சியத்துக்குக் கீழே 54 பாகை வரை ஓடும், 83282 கீழே 40 வரைதான், அதற்கு முன்பே தடித்துப் போகத் தொடங்கும். கொழும்பில் இந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. இங்கிலாந்தில் தாழப் பறக்கிற ஹார்வர்டுக்கும் பெரிய பொருட்டில்லை. இன்னொன்று, 5606க்குள் குளிரிலும் சூட்டிலும் தடிப்பு அதிகம் மாறாமல் இருக்க ஒரு பொலிமர் சேர்க்கிறார்கள். பம்பிலும் வால்விலும் நெரிபட்டு நெரிபட்டு அது உடையும், ஒயில் நாளடைவில் மெலியும். 83282இல் அந்தத் தொல்லை இல்லை.

அப்படியென்றால் 83282 ஊற்றிவிட வேண்டியதுதானே? புதிய சீல் போட்ட, முழுதாகக் கழுவிய சிஸ்டத்துக்கு, அனுமதி கொடுப்பவரும் ஒத்துக்கொண்டால், ஆம். என் கையில் விட்டால், பிரேக்கும் அதே ஒயிலைக் குடிக்கிற விமானத்துக்கு அதைத்தான் ஊற்றுவேன். ஆனால் இரண்டு நிபந்தனை. பழைய சீல்களோடு ஒயிலை மட்டும் மாற்றக் கூடாது. வருடக்கணக்காக ஓர் ஒயிலில் ஊறி அந்த வடிவத்துக்கு இறுகிப்போன வளையம், வேறு ஒயில் வந்ததும் கசியத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எல்லாரும் புதிய ஒயிலைத் திட்டுவார்கள். மற்றது, மூலையில் கொஞ்சம் 5606 எஞ்சி நின்றால்கூட, தீப்பற்றும் வெப்பநிலை வெகுவாகக் கீழே வந்துவிடும். அரைகுறையாக மாற்றினால் காசு போகும், பாதுகாப்பு வராது.

லேபிள் இல்லாத அந்த டின் என்ன என்று அவர்களுக்கு ஆவல். சொட்டெடுத்து ஸ்பிரிட்டில் குலுக்கச் சொன்னேன். ஆமணக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும், மினரல் ஒயில் கரையாமல் பிரிந்து நிற்கும். கார் பிரேக் ஒயில் என்றால் தண்ணீரிலேயே கரைந்துவிடும். அவர்களுடையது இரண்டிலும் பிரிந்து நின்றது, ஆகவே மினரல் வகை. ஆனால் விமான ஒயிலா கியர்பெட்டி ஒயிலா என்று இந்தச் சோதனை சொல்லாது. சிஸ்டத்துக்குள் ஏற்கனவே கிடப்பது என்ன குடும்பம், எதனால் கழுவலாம் என்று அறியத்தான் இது உதவும்: தாவர ஒயில் கிடந்த இடத்தை அல்கஹோலாலும், மினரல் கிடந்த இடத்தை நப்தா போன்ற பெற்றோலியக் கரைப்பானாலும் கழுவ வேண்டும். டின்னை விமானத்துக்குக் கிட்ட வைக்காமல் அப்புறப்படுத்தச் சொன்னேன். ஒருவருக்கு மனமில்லை, நல்ல ஒயில் வீணாகிறதே என்றாராம். பெயர் தெரியாத ஒயில் நல்ல ஒயிலாக இருக்க முடியாது.

இந்த மனமில்லாமை எனக்குப் புரியாததல்ல. 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் ஒரு சிறு டின் இறக்குமதி செய்வதற்கே நாட்கணக்கில் காத்திருந்தோம். "கொஞ்சம்தானே, வேறெதையாவது விட்டுச் சமாளிப்போம்" என்ற பேச்சு அப்போது வந்தது. சமாளிக்கவில்லை. கால் தாழ்ந்த விமானம் தாழ்ந்தபடியே நின்றது. பறக்காத விமானம் யாரையும் கொல்லாது என்று அன்று சொன்னதை இன்றும் சொல்வேன்.

புதிய ஓ-ரிங் வாங்கும்போது பொதியோடு வாங்க வேண்டும். பொதியில் எந்த வருடம், எந்தக் காலாண்டில் றப்பர் பதப்படுத்தப்பட்டது என்று இருக்கும். நைட்ரிலுக்குப் பொதுவாக 15 வருடம் வைத்திருப்புக் காலம் கணக்கு. பழைய கையிருப்பில் வளையத்தின் மேலேயே நிறப் புள்ளி இருக்கும்: நீலம் 5606க்கு, பச்சைக் கோடு ஸ்கைட்ரோலுக்கு. பொதியில்லாமல், மேசையில் குவித்து வைத்து அளவுக்கோலால் பொறுக்கி எடுக்கும் வளையம் தண்ணீர்ப் பம்புக்குச் சரி. கறுப்பு எல்லாம் நைட்ரில் இல்லை. அந்தப் பிதுங்கிய வளையமும் கறுப்புத்தான்.

இனி, நல்ல ஒயிலும் நல்ல சீலும் போட்டும் கசிந்தால், பெரும்பாலும் குற்றம் தண்டின் குரோம் பூச்சில் இருக்கும். ரத்மலானைக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் உப்பு வந்து எல்லாவற்றிலும் படியும். ஸ்ட்ரட்டின் பளபளக்கும் தண்டில் ஊசிமுனை அளவு துருப் புள்ளி விழுந்தால், கால் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது சீலின் உதட்டை அரத்தால் ராவுவது போல ராவும். அதனால் காலையில் வந்ததும் நான் செய்கிற வேலை, ஸ்ட்ரட்டுக்குள் உள்ள அதே ஒயிலில் ஒரு சுத்தமான துணியை நனைத்துத் தண்டைச் சுற்றித் துடைப்பது. தூசியும் உப்பும் போகும், மெல்லிய ஒயில் படலம் நிற்கும். துணியில் உள்ள ஒயில் வேறு வகையாக இருந்தால் அதுவும் சீலுக்குள் போகும் என்பதை மறக்கக் கூடாது. விரல் நகத்தைத் தண்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். நகம் தடுக்கினால் விமானம் பறக்காது.

காற்று நிரப்பும்போது நைட்ரஜன்தான். கொம்பிரெஸர் காற்றில் கொழும்பின் ஈரம் முழுக்க இருக்கிறது, அது உள்ளே நீராகி நிற்கும். ஸ்ட்ரட்டை முழுதாக அமுக்கி, ஒயில் விளிம்புவரை விட்டு, குமிழி வராமல் நின்ற பிறகே நைட்ரஜன். குமிழியோடு மூடிய கால் சில இறக்கங்களுக்குள் தன் உயரத்தை இழக்கும்.

மருமகனின் ஆட்கள் கடைசியில் 5606ஐயே எடுத்தார்கள். அவர்களுடைய கைநூல் அதை நேரே ஏற்கிறது, வேறு அனுமதி எழுதித் திரிய வேண்டியதில்லை, வேண்டிய அளவு அங்கே சுலபமாகக் கிடைக்கும். நான் 83282 பக்கம் சாய்ந்தேன். ஆனால் சீல் எல்லாம் புதிதாக, ஒரே றப்பராக, பொதியோடு வந்ததால், அவர்கள் தெரிவில் எனக்குக் குறையில்லை. கசிவு எங்கே விழும் என்று பார்த்து, பிரேக்குக்கு மேலே போகும் குழாய்களையும் மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள்.

தொட்டி மூடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு தகடு அடித்து, ஒயிலின் தரம், சீலின் றப்பர், போட்ட திகதி மூன்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஓ-ரிங் பொதிகளின் சீட்டுகளை விமானத்தின் பதிவேட்டில் ஒட்டவும் சொன்னேன். இப்போது விமானம் ஜாக்கில் நிற்கிறது, கால் மடக்கி நீட்டிச் சோதிக்கிறார்கள். நேற்று வந்த செய்தி: "மாமா, இடதுகால் சிலிண்டரடியில மெல்லிசா ஈரம்." சொட்டுகிறதா என்று கேட்டேன், இல்லையாம். துடைத்துவிட்டு இன்னும் கொஞ்ச முறை மடக்கட்டும். புதிய சீல் தன் இடத்தில் உட்காரும்வரை ஒரு மெல்லிய ஈரம் வரலாம். அதன் பிறகும் வந்தால் ஒயிலை மாற்ற யோசிக்காமல் சிலிண்டரைக் கழற்றித் தண்டின் குரோமைப் பார்க்கச் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறேன்.